படுக்கையும் மாத்திரையும்: காசநோய் வரலாறு திருச்சபைக்குக் கற்பிக்கும் பங்கீட்டு நெறி

நோயுற்றோரைப் பேணுதல் திருச்சபையின் திருப்பணிகளுள் ஒன்று என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இருக்கின்ற பணம் சிறிது, நோயுற்றோர் பலர் என்னும் நிலையில், அப்பணத்தை யாருக்கு முதலில் செலவிடுவது, மருந்தை என்ன விலைக்குக் கிடைக்கச் செய்வது என்னும் வினாக்கள் எழும்போது, அவை மருத்துவர்க்கும் பொருளாளர்க்கும் உரியவை என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கமாயிருந்து வருகிறது. இவை இறையியல் வினாக்களே என்பதை ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டு காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொள்வது காசநோய். தென்னிந்தியாவில் பல மிஷன்கள் தம் வேறுபாடுகளை ஒருபுறம் வைத்துவிட்டு ஒன்றுகூடி எதிர்த்த நோய் அது. பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்னும் வினாவுக்கு உலக நாடுகள் பின்னர் ஏற்றுக்கொண்ட விடையொன்று சென்னை நகரின் ஏழையர் குடியிருப்புகளிலிருந்து எழுந்ததும் இந்நோயின் வரலாற்றிலேதான்.

1. சானடோரியங்களின் காலம்

இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தது 1882 மார்ச் 24ஆம் நாள். நோயின் காரணம் தெரிந்தது. ஆனால் அதற்கு மருந்து கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரையில் மருத்துவம் தரக்கூடியவை ஓய்வு, தூய காற்று, சத்துள்ள உணவு ஆகிய மூன்றுமே. இம்மூன்றையும் ஓரிடத்தில் அளிக்கும்பொருட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சானடோரியங்கள் எழும்பின. நம் நாட்டில் இவ்வகையில் முதலாவது நிலையத்தை 1906ஆம் ஆண்டில் ஆஜ்மீருக்கு அருகிலுள்ள திலோனியாவில் தோற்றுவித்தவர்கள் கிறிஸ்தவ மிஷனெரிமாரே.

தென்னாட்டில் 1915ஆம் ஆண்டில் மதனப்பள்ளிக்கு அருகே ஐக்கிய மிஷன் காசநோய்ச் சானடோரியம் திறக்கப்பட்டது. அப்பகுதி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது; இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. அவ்விடத்திற்கு ஆரோக்கியவரம் என்று பெயர் வழங்கலாயிற்று. தனித்தனியே மருத்துவமனைகளை நடத்திவந்த பல மிஷன்கள் அதனைக் கூட்டாகத் தாங்கின. டேனிஷ் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்தியான் ஃப்ரிமோட்-மோலர் அதன் முதல் கண்காணிப்பாளராய்ப் பணியாற்றினார். தென்னிந்தியத் திருச்சபை 1947ஆம் ஆண்டில் உருவாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒற்றுமை முயற்சி நோயாளியின் படுக்கையருகில் தொடங்கிவிட்டதென்பது திருச்சபை வரலாற்று மாணவர் மறக்கலாகாத செய்தி. 1928ஆம் ஆண்டில் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியமும் இக்கால எண்ணத்தின் கனியே; அதனைச் சென்னை அரசு 1937ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

இந்நிலையங்களின் தொண்டினை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. சுற்றத்தாரும் அஞ்சி ஒதுக்கிய நோயாளிக்குப் படுக்கையும் பாலும் அன்பான சொல்லும் கிடைத்தது அங்கேதான். இறப்பதற்கு வந்தவருள் சிலர் நடந்து வீடு திரும்பினர். ஆயினும் ஒவ்வொரு நிலையத்திலும் வாயிலில் காத்திருந்தோர் பட்டியல் நீண்டுகொண்டே சென்றது. உள்ளே வந்தவர் ஒருவர் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் தங்க வேண்டியிருந்ததால், அப்படுக்கை அடுத்தவருக்கு எளிதில் காலியாவதில்லை.

2. கணக்கு காட்டிய உண்மை

பிரிட்டிஷ் ஆட்சியின் இறுதிக் காலத்தில் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு இந்திய மக்களின் உடல்நலத்தை ஆராய்ந்து 1946ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. பணம் செலுத்த இயலாமை காரணமாக எவரும் சிகிச்சை பெறாமற் போகலாகாது என்பது அவ்வறிக்கையின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. காசநோயைப் பற்றி அது தந்த மதிப்பீடு இது: நாட்டில் நோயுற்றோர் ஏறத்தாழ 25 இலட்சம்; ஆண்டுதோறும் இறப்போர் 5 இலட்சம்; காசநோய்க்கென இருந்த படுக்கைகளோ ஏறத்தாழ 6,000.

இவ்வெண்களை வகுத்துப் பார்ப்போமாயின், 400க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஒரு படுக்கை என்று காண்கிறோம். படுக்கைகளைப் பத்து மடங்காக்கினாலும் 40 பேருக்கு ஒன்றுதான். ஏழை நாடொன்று பத்து மடங்காக்கும் பணத்தை எங்கிருந்து பெறும்? சானடோரியத்தை அன்போடு நடத்துவது ஒரு காரியம். சானடோரியத்தின் வாயிலை எட்டாத 399 பேருக்கு என்ன செய்வது என்பது வேறொரு காரியம். இரண்டாவது வினாவைக் கேட்கத் துணிந்தோர் மதனப்பள்ளியிலும் இருந்தனர். முதல் கண்காணிப்பாளரின் மகனான மருத்துவர் யோஹான்னஸ் ஃப்ரிமோட்-மோலரும் அவருடன் உழைத்தோரும் 1950ஆம் ஆண்டிலிருந்து சுற்றுப்புற ஊர்களுக்கே சென்று மக்களிடையே இந்நோய் எவ்வளவு பரவியுள்ளது என்று ஆராய்ந்தனர். மிஷன் மருத்துவம் தன் மதிலுக்கு வெளியே நோக்கிய முன்மாதிரிகளுள் இதுவும் ஒன்று.

3. சென்னை ஆய்வு

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் ஊசிமருந்தும் பாஸ் என்று சுருக்கமாக வழங்கிய மருந்தும் வந்தன. 1952ஆம் ஆண்டில் ஐசோநையாசிட் மாத்திரை வந்தது. மருந்து வந்தபின்னும் நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் அதனைக் கொடுக்க வேண்டுமா என்னும் வினா எழுந்தது. வீட்டில் வைத்துக் கொடுத்தால் ஓய்வும் உணவும் குறையுமே, வீட்டாருக்கும் நோய் தொற்றுமே என்று அஞ்சியோர் பலர். அவ்வச்சம் நியாயமானதே.

இதனை ஆராய்வதற்காக 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஏற்படுத்தப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் இதில் இணைந்தன. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். யார் எப்பிரிவில் சேர்வது என்பது மருத்துவரின் விருப்பத்திற்கு விடப்படாமல், சீட்டுப் போடுவது போன்ற முறையால் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவும் முழு ஓய்வும் பெற்றனர். மற்றப் பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே, தமக்குக் கிடைத்த எளிய உணவோடு இருந்தனர். மருந்து இருசாராருக்கும் ஒன்றே: ஐசோநையாசிட்டும் பாஸும், ஓராண்டுக் காலம்.

முடிவு 1959ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோய் தணிந்து கிருமி நீங்கப்பெற்றோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். வீட்டாரிடையே நோய் பரவுவது வீட்டுச் சிகிச்சையால் மிகுதியாகவும் இல்லை. ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கட்டடத்திற்கும் படுக்கைக்கும் செலவாகிய பெரும்பணம் நோய் தீர்வதற்கு இன்றியமையாததன்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று. ஒரு படுக்கைக்கு ஆகும் செலவில் பலருக்கு மாத்திரை கொடுக்கலாம். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னையின் சான்று ஒரு முக்கிய காரணமாயிற்று.

அதே 1959ஆம் ஆண்டில் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தோன்றியது. அங்கே ஸ்டிக் ஆண்டர்சன், பானர்ஜி ஆகிய இருவர் கிராம மக்களிடையே நடத்தி 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. நோய்க்குறியுள்ள கிராமத்தாருள் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அருகிலிருந்த மருத்துவ நிலையத்தை நாடிச் சென்றிருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இருமல் மருந்தொன்றே. சளியைச் சோதித்து நோயைக் கண்டறிய அங்கு ஒருவரும் இல்லை. ஏழைகள் அறியாமையால் வருவதில்லை என்று நாம் மேடைகளில் சொல்லிவந்தோம். அவர்கள் வந்தார்கள், வந்தவர்களுக்கு நாடு ஆயத்தமாயிருக்கவில்லை. இவ்வாய்வுகளின் அடிப்படையிலேயே 1962ஆம் ஆண்டில் தேசியக் காசநோய்த் திட்டம் மாவட்டவாரியாகத் தொடங்கப்பெற்றது.

இந்நிறுவனப் பணியில் பங்குகொண்ட டேனிஷ் மருத்துவர் ஹாஃப்டன் மாலர், பாப்டிஸ்து போதகர் ஒருவரின் மகன். இந்தியாவில் பத்தாண்டுகள் காசநோய்ப் பணியில் இருந்த அவர் 1973ஆம் ஆண்டு முதல் 1988 வரை உலக சுகாதார நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். அவர் காலத்தில்தான், 1977ஆம் ஆண்டில், ஏறத்தாழ 200 மருந்துகளைக் கொண்ட முதல் இன்றியமையா மருந்துகள் பட்டியல் வெளிவந்தது. 1978ஆம் ஆண்டில் ஆல்மா-ஆட்டா மாநாடு அடிப்படை உடல்நலச் சேவையை எல்லா நாடுகளுக்கும் நெறியாக அறிவித்தது.

4. திருச்சபையின் தன்னாய்வு

இதே காலத்தில் திருச்சபைகளும் தம் மருத்துவப் பணியைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கின. 1964ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள டூபிங்கன் நகரில் உலகத் திருச்சபைகள் மன்றமும் லுத்தரன் உலக ஐக்கியமும் கூட்டிய ஆலோசனைக் கூட்டம், குணமாக்கும் ஊழியம் மருத்துவருக்கு மட்டும் ஒப்படைக்கப்பட்டதன்று, அது சபை முழுவதன் பொறுப்பு என்று கண்டது. மதுரை-இராமநாதபுரம் பேராயராயிருந்து பின்னாளில் சென்னைப் பேராயரான லெஸ்லி நியூபிகின் அப்போது அம்மன்றத்தின் அருட்பணிப் பிரிவுக்குத் தலைவராயிருந்தார்.

1968ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் நிறுவப்பட்டது. அது திருச்சபைகளின் மருத்துவப் பணியைப் பல நாடுகளில் ஆராய்ந்தபோது, பணமும் ஆட்களும் மிகப்பெரும் பகுதி மருத்துவமனைக் கட்டடங்களுக்குள்ளேயே செலவாவதையும், அங்கே சேர்க்கப்பட்டோரில் பலர் தடுக்கக்கூடிய நோய்களால் வந்தவர்கள் என்பதையும் கண்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற இரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் தம்பதியர் 1970ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்து ஜாம்கேட்டில் கிராமப் பெண்களையே உடல்நலப் பணியாளராகப் பயிற்றுவித்துக் காட்டிய வழி, ஆணையத்தின் வாயிலாக உலக சுகாதார நிறுவனத்தின் கவனத்தையும் ஈர்த்தது. இவ்வளவு தெளிவாகத் தன் செலவை ஆராய்ந்து, மாற்று வழியையும் காட்டிய திருச்சபை, அவ்வழியில் எவ்வளவு தூரம் நடந்தது என்பதே நம்முன் நிற்கும் வினா.

5. மருந்தின் விலை

மாத்திரை படுக்கையை வென்றது மாத்திரையின் விலை குறைவாயிருந்ததனால்தான். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1951-52இல் மூன்று மருந்து நிறுவனங்கள் ஒன்றையொன்று அறியாமல் ஐசோநையாசிட்டின் ஆற்றலைக் கண்டறிந்தன. அப்பொருளின்மீது காப்புரிமை கோர அவற்றுள் எதனாலும் இயலவில்லை. ஏனெனில் பிராகா நகரில் இரு வேதியியலார் 1912ஆம் ஆண்டிலேயே அப்பொருளைத் தயாரித்து வெளியிட்டிருந்தனர். அது காசநோயைத் தீர்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. யாருக்கும் தனியுடைமையாகாததால் அது எவராலும் செய்யத்தக்கதாயிற்று, விலையும் தாழ்ந்தது.

எல்லா மருந்துகளுக்கும் இத்தகைய தற்செயல் வாய்க்காது. 1960களில் கண்டறியப்பட்ட ரிஃபாம்பிசின் சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகக் குறைக்க உதவியது. ஆயினும் அதன் விலை உயர்ந்திருந்தமையால் ஏழை நாடுகளின் நோயாளிகள் நெடுங்காலம் அதனைப் பெறவில்லை. அவர்களுக்குத் தையாசெட்டசோன் என்னும் மலிவான மருந்தே கொடுக்கப்பட்டது. அதன் பக்கவிளைவுகள் கடுமையானவை. மலிவானது ஏழைக்குப் போதும் என்னும் எண்ணத்திலுள்ள இடரையும் நாம் இங்கே காண்கிறோம்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த இராஜகோபால அய்யங்கார் காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்து அறிக்கை தந்ததும் 1959ஆம் ஆண்டிலேயே. இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பகுதி அயல்நாட்டாருக்கு உரியவை; அவற்றைக் கொண்டு இங்கே மருந்து செய்யப்படுவதும் அரிது என்று அவர் காட்டினார். அவ்வறிக்கையைத் தழுவிய 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மருந்தின் செய்முறைக்குக் காப்புரிமை உண்டு, மருந்துப் பொருளுக்கு இல்லை என்று அது விதித்தது. எனவே இந்திய நிறுவனங்கள் வேறு செய்முறைகளால் அதே மருந்தைச் செய்து குறைந்த விலைக்கு விற்றன. உலக வணிக உடன்படிக்கையின் காரணமாக 2005ஆம் ஆண்டில் பொருட் காப்புரிமை மீண்டும் வந்தது. பழைய மருந்தைச் சிறிது மாற்றிப் புதிய காப்புரிமை பெறுவதைத் தடுக்கும் பிரிவொன்றும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. 2013ஆம் ஆண்டில் புற்றுநோய் மருந்தொன்று பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

அப்பிரிவின் பயன் காசநோயாளர்க்கும் வந்துசேர்ந்தது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குப் பெடாகுயிலின் என்னும் மருந்து 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அதன் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை எதிர்த்து 2019ஆம் ஆண்டில் மனுக் கொடுத்தோர் இரு பெண்கள்: ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்துகளின் கொடுமையால் செவிப்புலனை இழந்தவர்கள். 2023 மார்ச்சு மாதத்தில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நீட்டிப்பை மறுத்தது. அவ்வாண்டிலேயே உலகப் பொதுக் கொள்முதலில் அம்மருந்தின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று.

அரசு மருந்து வாங்கும் முறையிலும் மலிவு அடங்கியுள்ளது. 1994ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலொன்றை வகுத்து, வணிகப் பெயரால் அன்றி மூலப்பெயரால் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்து மருந்தைப் பகிர்ந்தளித்தது. பிற மாநிலங்கள் இதனைப் பின்பற்றின. கென்யா நாட்டில் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டினரும் இணைந்து 1986ஆம் ஆண்டில் இத்தகைய கூட்டுக் கொள்முதல் நிறுவனத்தைத் திருச்சபை மருத்துவமனைகளுக்கென ஏற்படுத்தினர்.

6. வெற்றியின் குறைபாடு

சென்னை ஆய்வு சிக்கன வழியைக் காட்டியது. அவ்வழிக்கு வேண்டிய சிறு பணத்தையும் நாடு தரவில்லை. 1992ஆம் ஆண்டில் தேசியக் காசநோய்த் திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, சிகிச்சை தொடங்கியோரில் பாதிக்கும் குறைவானவர்களே அதனை முடித்திருந்தனர் என்று தெரியவந்தது. மருந்துத் தட்டுப்பாடும் பணப்பற்றாக்குறையும் முக்கிய காரணங்கள். 1997ஆம் ஆண்டில் திருத்திய திட்டம் தொடங்கி 2006ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பரவியது. நோயாளி பணியாளர் முன்னிலையில் மருந்து உட்கொள்ளும் அதன் முறைக்கும் 1960களின் சென்னை ஆய்வுகள் வழிகாட்டியிருந்தன. ஆயினும் 2025ஆம் ஆண்டுக்குள் நோயை ஒழிக்கும் இலக்கு எட்டப்படவில்லை. உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காட்டை 2025க்குள் உடல்நலத்திற்கு அரசு செலவிடும் என்று 2017ஆம் ஆண்டுக் கொள்கை கூறிய இலக்கும் எட்டப்படவில்லை.

சென்னை ஆய்வை அரைகுறையாய்ப் படித்தோர், மருந்திருந்தால் உணவு வேண்டுவதில்லை என்று முடிவு கட்டினர். அது நோயாளி குணமடைவதைப் பற்றிய ஆய்வேயன்றி, வீட்டார் நோயுறாமற் காப்பதில் உணவுக்குள்ள பங்கை ஆராய்ந்ததன்று. ஜார்க்கண்டு மாநிலத்தில் காசநோயாளர் வீட்டாருக்கு உணவுப்பொருள் வழங்கி நடத்தப்பெற்ற பேராய்வு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோயுற்றோர் 39 விழுக்காடு குறைந்தனர். அரிசியும் பருப்பும் ஓரளவு மருந்தாக நின்றன.

7. திருமறையின் ஒளியில்

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீயைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது அவள் விசுவாசத்தையே நாம் எடுத்துக்காட்டுகிறோம். அவள் தனக்குண்டானவற்றையெல்லாம் வைத்தியருக்குச் செலவழித்தும் பயனடையாதிருந்தாள் என்பதைச் சுவிசேஷகர் குறிப்பிடாமல் விடவில்லை. நோயால் வந்த வறுமையையும் ஆண்டவர் சந்தித்தார் என்று அப்பகுதி நமக்குக் காட்டுகிறது. லூக்கா பத்தாம் அதிகாரத்து நல்ல சமாரியனும் இரக்கத்தோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேற்படும் செலவுக்கும் தானே பொறுப்பேற்கிறான்.

மன்னாவை மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை என்னும் யாத்திராகமச் செய்தியைப் பவுல் கொரிந்து சபையாரிடம் காணிக்கை கேட்கும்போது நினைப்பூட்டுகிறார். சமநிலை என்பது அவருக்குப் பணப் பங்கீட்டின் அளவுகோல். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் கிரேக்க விதவைகள் பந்தி விசாரணையில் விடப்பட்டபோது, ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழுபேரை ஆதிச்சபை நியமித்தது. பட்டியலில் யார் விடுபட்டார் என்று பார்ப்பதற்கு ஆவியின் நிறைவு வேண்டும் என்று அது எண்ணியது. 399 பேரைப் பற்றிய வினா அந்த விதவைகளைப் பற்றிய வினாவே.

8. நம்முன் உள்ள கடமை

இவ்வரலாற்றிலிருந்து நம் பேராயங்களும் சபைகளும் மேற்கொள்ளத்தக்க சில காரியங்களைக் குறிப்பிட விரும்புகிறோம். முதலாவது, திருச்சபை மருத்துவமனைகளின் ஆண்டறிக்கை, வந்தவர் எத்தனை பேர் என்பதோடு, சுற்றுவட்டத்தில் வராதவர் யார் என்பதையும் கூற வேண்டும். புதிய கட்டடத்திற்கு முன் அவ்வினாவுக்கு விடை தேட வேண்டும். இரண்டாவது, நம் மருந்தகங்களில் மருந்துகளை மூலப்பெயரால் எழுதுவதும், பல மருத்துவமனைகள் கூடித் தரம் சோதித்து வாங்குவதும் நெறியாக வேண்டும். மருந்து விற்பனையின் ஆதாயத்தைக் கொண்டு நிறுவனத்தை நடத்துவது நோயாளியின்மேல் சுமத்தும் வரியாகும். மூன்றாவது, காசநோயாளர்க்கும் அவர் வீட்டாருக்கும் உணவு வழங்க எந்தச் சபையும் முன்வரலாம். 2022ஆம் ஆண்டு முதல் அரசுத் திட்டத்திலும் அதற்கு இடமுண்டு. அறுப்பின் பண்டிகைக் காணிக்கையாக வரும் தானியத்திற்கு இதனினும் தகுந்த இடம் அரிது.

நான்காவது கடமை இறையியல் கல்லூரிகளுக்கு உரியது. அரசின் வரவு செலவுத் திட்டத்தையும் மருந்து விலைச் சட்டத்தையும் வாசிக்கத் தெரியாத ஆயர், தம் சபையின் ஏழையைக் கல்லறைத் தோட்டத்தில்தான் சந்திக்க நேரிடும். மதனப்பள்ளியில் மிஷன்கள் கூட்டாகக் கட்டியது அன்றைய அறிவுக்கேற்ற கீழ்ப்படிதல். அறிவு மாறியபோது கீழ்ப்படிதலின் வடிவமும் மாற வேண்டியிருந்தது. இன்று நமக்கு மருந்து இருக்கிறது. அது யாரைச் சென்றடையவில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. தெரிந்ததற்குரிய கணக்கை ஆண்டவர் நம்மிடம் கேட்பார்.